பத்துமலையில் பொறுக்கியதும் போட்டதும்

சொந்தங்களுக்கு வணக்கம்,

போன ஞாயிறு கோலாலம்பூர்ப் பக்கத்துப் பத்துமலை முருகன் கோயிலுக்குப் போன படங்களைப் பார்த்துவிட்டு துபாய்க்காரர்கள் நாலு பேர் "எங்களை விட்டுட்டீங்களே" என்று எழுதியிருந்தீர்கள். படங்களில் வராத ஒரு சங்கதி இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் எனக்குச் செரிக்காது.

நம் ஊர்ச் சங்கத்திலிருந்து போனவர்கள் இருபத்து மூன்று பேர். ராத்திரி பஸ்ஸில் வந்த சிங்கப்பூர் ஆட்கள் ஆறு பேர், ஈப்போ அத்தை வீட்டார், மீதி கோலாலம்பூர், கிள்ளான். சர்க்கரை, பிரஷர் என்று மாத்திரை டப்பாவோடு அலைகிற நாமெல்லாம் மூன்று தடவை ஏறி இறங்குவது, அப்படியே கண்ணில் படுகிற குப்பையைப் பொறுக்குவது, இதுதான் திட்டம். ஒரு தடவைக்கு 272 படி, மூன்று தடவைக்கு 816, பழனி மலையையே தாண்டிவிடும். ஆறரைக்கு ஆரம்பித்தோம், இங்கே அந்த நேரத்துக்கு இன்னும் இருட்டுதான், முருகன் சிலை மட்டும் மங்கலாகத் தெரிந்தது. காலை ஓட்டக்காரர்கள் எங்களைத் தாண்டி விறுவிறுவென்று ஏறிப் போனார்கள். முதல் சுற்றிலேயே பாதிப் பேர் கைப்பிடியைப் பிடித்து நின்றுவிட்டோம், அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. ஏறும்போது மூச்சு வாங்கியது, ஆனால் அடுத்த நாள் தொடையை நகர்த்த விடாமல் செய்தது இறங்கியதுதான். உடம்பின் கனத்தைத் தொடைத் தசை நீண்டுகொண்டே தாங்க வேண்டியிருக்கிறது அல்லவா. திங்கட்கிழமை நான் ஆபீஸ் படியில் பக்கவாட்டாக இறங்கியதைப் பார்த்துச் சிரித்தார்கள்.

ஈப்போ அத்தை மட்டும் மூன்று சுற்றும் முடித்தார்கள், அதுவும் வெறுங்காலில். அத்தையின் மாமனார் இங்கே ஏறியபோது இருந்தது மரப்படியாம். 1920இல் போட்டது, கான்கிரீட் படி அதற்கப்புறம்தான். அந்தக் காலக் கோலாலம்பூர் வணிகர் தம்புசாமிப் பிள்ளை குகையில் முருகனை வைத்து, 1892இலிருந்து தைப்பூசம் நடக்கிறது. வெளியே நிற்கிற 140 அடி முருகன் 2006இல் வந்தவர், அவரைச் செய்தது நம் திருவாரூர்ப் பக்கத்து ஸ்தபதி. படிக்கு வண்ணம் அடித்தது 2018இல். "பத்துமலை என்றால் பத்து மலையா மாமா?" என்று சிங்கப்பூர்ப் பிள்ளை ஒன்று கேட்டது. இல்லை கண்ணு, மலாயில் பத்து என்றால் கல், பக்கத்தில் ஓடுகிற ஆற்றுக்கே சுங்கை பத்து என்றுதான் பெயர்.

சரி, குப்பைக்கு வருகிறேன். பூமாலை நார், ஸ்ட்ரா, ஈரத்துடைப்பான், பாட்டில் மூடி, அப்புறம் இங்கே ஐஸ் டீயை ஊற்றிக் கட்டித் தருகிற அந்தப் பிளாஸ்டிக் பை, ரப்பர் பேண்டோடு. பெரும்பாலும் இவைதான். இரண்டு கறுப்புப் பை நிரம்பியது, பெருமையாக இருந்தது. படி நடுவில் வந்தபோது ஒரு தடிக் குரங்கு, ஏதோ சீர்வரிசை வாங்க வந்த மாதிரி நேராக மாப்பிள்ளை கையைப் பார்த்து வந்தது. பை சலசலத்தால் சாப்பாடு என்பது அதன் கணக்கு. இழுத்த இழுப்பில் பை கிழிந்து, மூடியும் ஸ்ட்ராவும் படிப்படியாக உருண்டு கீழே போயின. ஒரே குப்பையை இரண்டு தடவை பொறுக்கிய சங்கம் உலகத்திலேயே நம்முடையதாகத்தான் இருக்கும். அங்கே கூட்டிக்கொண்டிருந்த அம்மா ஒருவர் விளக்குமாற்றை ஊன்றிக்கொண்டு சிரித்தார். "பை ஆகாது தம்பி, மூடி போட்ட வாளி கொண்டாங்க."

அந்த மலையில், இருட்டுக் குகைக்குள், வளைக்கு மூடி செய்து குடியிருக்கிற ஒரு சிலந்தி உண்டு, அதன் விஞ்ஞானப் பெயரிலேயே பத்து ஒட்டியிருக்கிறது. சிலந்திக்குத் தெரிந்த மூடி நமக்குத் தெரியவில்லை.

இனிமேல்தான் படத்தில் வராத பகுதி. கீழே வந்து பசியாற உட்கார்ந்தோம். ஏற்பாடு நான். கடையில் சொல்லி இருபத்து மூன்று பொட்டலம், ஒவ்வொன்றும் பிளாஸ்டிக் டப்பாவில், சட்னிக்கும் சாம்பாருக்கும் தனித்தனிப் பை, பிளாஸ்டிக் கரண்டி, தலைக்கு இரண்டு தண்ணீர் பாட்டில். சாப்பிட்டு முடித்து எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டால், காலை முழுக்கக் குனிந்து பொறுக்கியதை விட அது பெரிய மூட்டை. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அத்தை மட்டும் தன் தூக்குவாளியைக் கழுவி மூடினார்கள். வீட்டிலிருந்தே இட்லி கொண்டுவந்திருந்தார்கள், என் பொட்டலத்தைத் தொடவில்லை. தப்பு என்னுடையது, கடைக்காரர் மேல் பழி போட வழியில்லை, இலையில் கட்டச் சொல்லி நான் கேட்கவே இல்லையே.

அன்றிலிருந்து நம்ம ஊர்ப் பங்குனி உத்திர அன்னதானம்தான் மனதில் ஓடுகிறது. போன வருஷம் நான் வந்திருந்தபோது மறுநாள் காலை குளக்கரையைப் பார்த்தேன். பிளாஸ்டிக் பூசிய காகிதத் தட்டும் டம்ளரும் படித்துறை வரைக்கும் கிடந்தன, பாதி தண்ணீரில். அதற்குப் பணம் அனுப்பியது யார்? நாம்தான். தமிழ்நாட்டில் இவற்றுக்கெல்லாம் 2019 ஜனவரி 1 முதல் தடை, 2021 கடைசியில் மஞ்சப்பைத் திட்டமும் வந்துவிட்டது. ஆனால் பந்தியில் இருக்கிறவன் கைக்குக் கிடைப்பதைத்தான் எடுப்பான், கிடைக்கச் செய்ய வேண்டியது செலவு செய்கிறவன்.

அதனால் இந்த வருஷச் சந்தாவில் முதல் செலவாக முந்நூறு எவர்சில்வர் டம்ளரும் நாலு பெரிய அண்டாவும் வாங்கிக் கோயிலுக்கே கொடுத்துவிடலாம் என்கிறேன். சாப்பாடு வாழை இலையில், கிடைக்காவிட்டால் தையல் இலையில். டம்ளர் கழுவ ஆள் வேண்டும், கூலி ஆகும், வருஷா வருஷம் ஆகும், அதையும் ஒத்துக்கொண்டுதான் கேட்கிறேன். "ஊரில் இருக்கிறவர்கள் பார்த்துக்கொள்வார்கள், நாம் ஏன் தலையிடணும்" என்று போன தடவை ஒருத்தர் எழுதினார். காசு கொடுக்கும்போது தலையிடுகிறோமே அண்ணே.

மேலத்தெரு சித்தப்பா ஊரில்தான் இருக்கிறீர்கள், பட்டுக்கோட்டைப் பாத்திரக்கடையில் டம்ளர் விலையைக் கேட்டு வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள். கழுவுவதற்குக் கூலி என்ன ஆகும் என்று கோயில் மடப்பள்ளிக்காரரிடமும் ஒரு வார்த்தை.

பத்துமலைக்கு அடுத்த தடவை வருகிறவர்கள் ஆளுக்கு ஒரு தூக்குவாளி, ஒரு தண்ணீர்ச் சொம்பு. மூடி போட்ட வாளி இரண்டு நான் வாங்கிவிட்டேன்.