‘கலர் ஹார்மனி’க்குத் தமிழில் என்ன சொல்?

அன்புடையீர், வணக்கம். கறுப்பு வெள்ளைத் தன்னுருவப்படத்துக்குக் கணினியில் வண்ணமேற்றும் பாடம் ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன்; வெள்ளிக்கிழமைக்குள் ஒப்படைக்க வேண்டும். படத்தின் மேல் ஓர் அடுக்கை இட்டு அதன் கலப்பு முறையைக் ‘கலர்’ என மாற்றினால், ஒளியும் நிழலும் கீழ்ப்படத்திலிருந்தும் நிறம் மட்டும் மேலடுக்கிலிருந்தும் வரும் என்பதுவரை எழுதிவிட்டேன். முகத்துக்கு ஆரஞ்சும் பின்புலத்துக்கு நிறவட்டத்தில் அதற்கு எதிரேயுள்ள நீலமும் தீட்டச் சொல்லும் இடத்தில்தான் தலைப்பிலுள்ள சொல் வந்து தடுக்கிறது. ‘நிறப் பொருத்தம்’ என்றால், எதிரெதிர் நிறங்களும் இசைந்து நிற்கும் என்பது விளங்கவில்லை.

---

ஐயா, ‘நிறம்’ என்பதையே தவிர்க்கலாம். சங்கப் பாடல்களில் அது மார்பையும் குறிக்கும்; மார்பளவுப் படத்தில் இந்த மயக்கம் வேண்டாம். ‘குருவும் கெழுவும் நிறனா கும்மே’ என்பது தொல்காப்பிய உரியியல். நிறத்தைக் குறிக்கும் இந்தக் ‘கெழு’வே கெழுமுதல், கெழுதகைமை என நெருங்கிப் பழகுதலையும் குறிக்க விரிந்தது என்று கருதுகிறேன். எனவே ‘கெழுமம்’ என்ற ஒரு சொல்லிலேயே நிறமும் இணக்கமும் அடங்கிவிடும்.

---

கெழுமம் என்று நான் வகுப்பில் சொன்னால், மாணவர்கள் தூரிகையை வைத்துவிட்டு அகராதியைத் தேடுவார்கள். ‘வண்ண ஒத்திசைவு’ போதும். என் கவலை, எதிரெதிர் நிறங்களைக் குறிக்கும் ‘நிரப்பு நிறம்’ என்ற சொல்லைப் பற்றியது. கணக்குப் பாடத்தில் நிரப்புக் கோணங்களின் கூட்டுத்தொகை 90 பாகை. நிறவட்டத்திலோ நிரப்பு நிறங்கள் 180 பாகை விலகி நிற்கின்றன. ஒரு மாணவி, முகத்துக்கு எடுத்த 30 பாகை ஆரஞ்சோடு 90ஐக் கூட்டி, 120இல் இருந்த பச்சையைப் பின்புலம் முழுவதும் நிரப்பிவிட்டாள். அவளுக்கு வேண்டியது 210இல் இருந்த நீலம். ‘எதிர்நிறம்’ என்றிருந்தால் இந்தப் பிழை நேர்ந்திராது.

---

‘எதிர்’ பகையைச் சொல்லும். யாப்பில் முரணும் ஒரு தொடைதானே? ‘முரண்நிறம்’ என்றால் முரணே அழகாவதும் புலப்படும். வண்ணம் என்பதற்கே யாப்பில் ஓசை என்று பொருள். தொல்காப்பியம் 20 வண்ணங்களைக் கூறுகிறது. ஆதலால் ‘வண்ண ஒத்திசைவு’க்கு என் வாக்கு.

---

அனைவருக்கும் நன்றி. ‘வண்ண ஒத்திசைவு’, ‘எதிர்நிறம்’ என்றே எழுதி அனுப்பிவிட்டேன். ‘முரண்நிறம்’ பிடித்திருந்தும், மேலும் ஒரு விளக்கக் குறிப்பு எழுதப் பொழுதில்லை.

---

அனுப்பியது சரி. ஆயினும் ஒத்திசைவு செவிக்குரிய சொல், படமோ கண்ணுக்குரியது. கெழுமத்தை நான் திரும்பப் பெறவில்லை என்பதைப் பதிவு செய்கிறேன்.