நான்காம் படி விதி போதுமா? சக்கரச் சுமையும் சாலைத் தடிமனும்: அளவுகோல், அடிமண், கல்ஜல்லி என்ற மூவரின் உரையாடல்

அளவுகோல்:
சாலையின் தடிமனை வண்டிகளின் எண்ணிக்கை தீர்மானிக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் தீர்மானிப்பது அச்சுச் சுமை, அதாவது ஓர் அச்சின் சக்கரங்கள் சேர்ந்து சாலையில் இறக்கும் எடை. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், ஒட்டாவா ஊருக்கு அருகே 1958 முதல் 1960 வரை ராணுவ வீரர்களைக் கொண்டு லாரிகளைத் தனிச் சுற்றுப்பாதைகளில் ஓட்டிச் செய்த சோதனையிலிருந்து, சேதம் அச்சுச் சுமையின் ஏறத்தாழ நான்காம் படியில் (சுமை இரட்டித்தால் 2×2×2×2 = 16 மடங்காக) கூடுகிறது என்ற விதி கிடைத்தது. 80 கிலோநியூட்டன், அதாவது சுமார் 8.2 டன் சுமை தாங்கும் ஒற்றை அச்சு அதில் ஒப்பிடுவதற்கான அடிப்படை, அதாவது நியம அச்சு. அதைவிட 50 சதவீதம் கூடுதலாக ஏற்றினால் சேதம் 5 மடங்காகும். 0.8 டன் தாங்கும் கார் அச்சோ அந்த நியம அச்சு செய்வதில் பத்தாயிரத்தில் ஒரு பங்கைத்தான் செய்யும். ஆகவே லாரி அச்சுகளை நியம அச்சுகளாக மாற்றிக் கூட்டி, சாலைக்கு அடியிலுள்ள அடிமண்ணின் வலிமையையும் சேர்த்துப் பார்த்தால் தடிமன் கிடைத்துவிடும். இதற்கு மேல் என்ன வேண்டும்?

அடிமண்:
அந்தச் சோதனை ஒரே வகை மண்ணில், ஒரே தட்பவெப்பத்தில் நடந்தது; பனி உருகி மண் ஈரம் குடித்திருந்த வசந்த காலத்தில்தான் பல பகுதிகள் உடைந்தன. அதில் கிடைத்த '4' என்ற எண்ணை இயற்கை விதியைப் போல எல்லாச் சாலைக்கும் நீட்டுவது எனக்கு உடன்பாடில்லை. தாரடுக்கின் அடிப்பக்கம் திரும்பத் திரும்ப இழுபட்டு ஏற்படும் களைப்பு விரிசலுக்கு ஒரு படி, அடிமண் அமுங்கி ஏற்படும் தடப்பள்ளத்துக்கு வேறொரு படி, கான்கிரீட் பலகைக்கு இன்னும் உயர்ந்த படி என்பதே இன்றைய புரிதல். மேலும், நீங்கள் டயர் அழுத்தத்தைப் பேசவே இல்லை.

அளவுகோல்:
அழுத்தத்தைக் கணக்கிட்டே காட்டுகிறேன். ஒரு சக்கரத்தில் 20 கிலோநியூட்டன் சுமை என்று கொள்வோம். மேலே வரும் சுமை ஆழத்தில் எவ்வளவு தகைவை (ஓரலகுப் பரப்பில் விழும் விசையை) உண்டாக்கும் என்று சொல்லும் புசினெஸ்க் சமன்பாட்டின்படி, எங்கும் ஒரே தன்மையுள்ள ஒருசீரான ஊடகத்தில் 500 மில்லிமீட்டர் ஆழத்தில், டயர் அழுத்தம் 0.56 மெகாபாஸ்கலாக இருந்தால் 0.036 மெகாபாஸ்கலும், 0.8 ஆக இருந்தால் 0.037 மெகாபாஸ்கலும் தகைவாக வருகின்றன. அடிமண்ணுக்கு டயர் அழுத்தம் ஒரு பொருட்டே அல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா?

அடிமண்:
அதே கணக்கை 50 மில்லிமீட்டர் ஆழத்துக்குப் போட்டுப் பாருங்கள்: 0.52, 0.71 மெகாபாஸ்கல். ஒரே சுமைதான், ஆனால் மேலடுக்கு தாங்க வேண்டிய தகைவு மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கூடிவிட்டது. (சாலை ஒருசீரான ஊடகமும் அல்ல, 1943-இல் பர்மிஸ்டர் என்ற ஆய்வாளர் அடுக்குகளுக்கெனத் தனிக் கோட்பாடு தந்ததே அதனால்தான்.) ஒரே சுமை ஒற்றை டயரில் வருகிறதா, இரட்டை டயரில் வருகிறதா என்பதும் அப்படித்தான்: மேலே அவை இரண்டும் தனித்தனியாக அழுத்துகின்றன, போதிய ஆழத்துக்குப் பின்னரே ஒன்றாகின்றன.

கல்ஜல்லி:
இடைமறிப்பதற்கு மன்னிக்கவும். நான் வேலை பார்த்த ஒரு சாலையில், கணக்குப்படி தடிமன் சரியாக இருந்தும், சிக்னலில் லாரிகள் நின்று புறப்படும் இடத்தில் மட்டும் சக்கரத் தடத்தில் பள்ளம் விழுந்தது. குறுக்கே வெட்டிப் பார்த்தபோது அடிமண்ணும் ஜல்லி அடுக்கும் மட்டமாகவே இருந்தன. தாரடுக்கு மட்டும்தான் பக்கவாட்டில் பிதுங்கியிருந்தது. தார், சுமை எவ்வளவு என்பதோடு எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதையும், வெயிலில் எவ்வளவு சூடேறியிருக்கிறது என்பதையும் பார்த்தே வளைந்துகொடுக்கிறது. அங்கே தடிமனைக் கூட்டியிருந்தால் பணம்தான் விரயமாகியிருக்கும். மாற்ற வேண்டியிருந்தது தார்க்கலவையை.

அளவுகோல்:
கலவை பற்றிய வாதத்தை ஏற்கிறேன். ஆனால் அது கலவை வடிவமைப்பு. தடிமனுக்கு என் விதியே நிற்கிறது.

கல்ஜல்லி:
நிற்கட்டும், ஆனால் அதற்குள் எதைப் போடுகிறீர்கள் என்பதைப் பாருங்கள். 4.1 டன்னில் ஓர் அச்சும் 12.3 டன்னில் ஓர் அச்சும் போனால் சராசரி 8.2 டன், ஆகவே 2 நியம அச்சுகள் என்று எழுதிவிடுவார்கள். தனித்தனியே நான்காம் படி எடுத்தால் ஐந்துக்கும் சற்று மேல் வருகிறது. எடைமேடையில் அச்சு அச்சாக நிறுத்தாமல் சராசரியை வைத்து வடிவமைத்த சாலை பாதி ஆயுளுக்கு முன்பே கிழிந்தால், அந்தப் பழியை விதியின் மேல் போடுவதா?

அடிமண்:
இதில் உங்களோடு நிற்கிறேன். படி 4-ஆ 5-ஆ என்ற என் சண்டையைவிட, எடை போடாமல் ஊகித்த அச்சுச் சுமை செய்யும் பிழை பெரியது. ஆனாலும், எடை போடும்போது டயர் அழுத்தத்தையும் சேர்த்தே அளக்கச் சொல்லுவேன்.