ப்ளூஸ்-க-பர்ஃபே: தமிழில் என்ன பெயர் வைக்கலாம்?

புதுவை, திங்கள்

குழுமத்தாருக்கு வணக்கம்.

பதினொன்றாம் வகுப்பில் பிரெஞ்சு படிக்கும் பிள்ளைகளுக்காகத் தமிழில் ஓர் இலக்கணக் கையேடு தயாரித்து வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. பிரெஞ்சின் இறந்தகால வகைகளுக்குப் பெயர் வைக்கிறேன்: பஸ்ஸே கோம்போஸேக்குக் 'கூட்டிறந்தகாலம்', எம்பர்ஃபேக்குத் 'தொடரிறந்தகாலம்' என்று வைத்தாயிற்று. ப்ளூஸ்-க-பர்ஃபேயில்தான் நிற்கிறேன்.

அவ்வார் (உடைமை), எத்ர் (இருத்தல்) என்ற துணைவினைகளில் ஒன்றை எம்பர்ஃபேயில் போட்டு, முதன்மை வினையின் எச்ச வடிவத்தைப் பின்னால் சேர்த்தால் இந்தக் காலம் கிடைக்கும். 'ழாவே மான்ழே' என்றால் சாப்பிட்டிருந்தேன். 'எல் எத்தே பார்த்தி' என்றால் கிளம்பிப் போயிருந்தாள். கடந்துபோன ஒரு நிகழ்ச்சிக்கும் முன்பே முடிந்த இன்னொன்றைச் சொல்ல வருவது. 'முன்னிறந்தகாலம்' என்று எழுதி வைத்திருக்கிறேன். சரியா?

மதுரை, திங்கள் இரவு

அம்மா, நல்ல முயற்சி. வாழ்த்துகள்.

முதலில் ஒன்று. 'காலம் தாமே மூன்றென மொழிப' என்றார் தொல்காப்பியர். நாலாவதாக ஒரு காலம் நமக்கு இல்லை. 'போயிருந்தாள்' என்பதும் இறந்தகாலமே. 'இரு' அங்கே துணைவினை. அதனால் 'காலம்' என்று முடிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. 'தொல்லிறப்பு' என்று வையுங்கள்.

'இறந்த' என்றதும் பிள்ளைகள் சாவை நினைப்பார்கள் என்று சிலர் தயங்குவதுண்டு. தயங்கவே வேண்டாம். இறத்தல் என்றால் கடத்தல். பாலைப் பாட்டுகளில் தலைவன் சுரம் இறந்து போகிறான், அதாவது பாலை வழியைக் கடந்து போகிறான். 'இறந்து' என்பதற்கு எல்லை மீறி என்ற பொருளும் உண்டு. சாவு என்பது பிறகு ஏறிய பொருள்.

'முன்னிறந்த' என்றே வைப்பதானால் சேர்த்து அச்சிடுங்கள். தனிக்குறில் முன் ஒற்று உயிர்வரின் இரட்டும். 'முன் இறந்த' என்று பிரித்துவிட்டால் பொருள் வேறாகிவிடும்.

பாரிஸ், செவ்வாய்

ஐயா சொன்ன 'இற' இங்கேயும் அப்படியே இருக்கிறது. 'பஸ்ஸே' என்பதும் கடந்தது என்ற பொருள்தான். அதே வேரில் 'த்ரேப்பஸே' என்றால் மாண்டவர். பிரான்சின் பிரெத்தான் கடற்கரையில் 'பே தே த்ரேப்பஸே' என்றே ஒரு விரிகுடா உண்டு, மாண்டோர் விரிகுடா.

ஆனால் 'முன்னிறந்தகாலம்' கூடாது. பிரெஞ்சில் 'பஸ்ஸே ஆந்தேரியேர்' என்று தனியாக ஒரு காலம் இருக்கிறது. ஆந்தேரியேர் என்றால் முந்தியது. 'முன்னிறந்தகாலம்' அதற்குச் சொல்லுக்குச் சொல் பொருந்தும் பெயர். அதை இப்போதே செலவழித்துவிட்டால், பிள்ளைகள் நாளைக்கு ஒரு நாவலில் 'இல் யு ஃபினி' (முடித்திருந்தான்) என்று பார்க்கும்போது எதைச் சொல்லிக் கொடுப்பீர்கள்?

கோவை, செவ்வாய்

> 'தொல்லிறப்பு' என்று வையுங்கள்

ஐயா, ஐந்து நிமிடத்துக்கு முன்னால் நடந்ததையும் ப்ளூஸ்-க-பர்ஃபேயில் சொல்லலாமே. அதில் தொன்மை எங்கே இருக்கிறது?

மூலப் பெயருக்கு 'நிறைவுற்றதற்கும் மேல்' என்று பொருள். லத்தீன் இலக்கணத்திலிருந்து வந்தது. அதைப் பார்த்து யாராவது 'மிகைமுற்று' என்று கிளம்புவதற்குள் சொல்லிவிடுகிறேன்: 'முற்று' நமக்கு ஏற்கெனவே வினைமுற்று. பெயரெச்சம், வினையெச்சம் படித்த பிள்ளை அதை வேறுவிதமாகத்தான் புரிந்துகொள்ளும். மொழிபெயர்ப்பு வேலையில் இருக்கிறவன் என்ற முறையில் என் கருத்து: பெயரை அப்படியே 'ப்ளூஸ்-க-பர்ஃபே' என்று விடுங்கள். தேர்வுத்தாளில் அந்தப் பெயர்தான் வரும்.

யாழ்ப்பாணம், புதன்

எல்லோரும் பெயரிலேயே நிற்கிறீர்கள். அமைப்பைப் பாருங்கோ. 'போய்' எச்சம், 'இருந்தாள்' துணைவினை. 'பார்த்தி' எச்சம், 'எத்தே' துணைவினை. வரிசை மட்டும்தான் தலைகீழ். நிபந்தனை வாக்கியத்திலும் அப்படித்தான்: 'ஸி ழாவே ஸ்யு, ழ ஸரே வெனு' என்பதைத் 'தெரிந்திருந்தால் வந்திருப்பேன்' என்று துணைவினை மாறாமல் சொல்லிவிடுகிறோம். ஆகவே 'இருந்த' என்பதைப் பெயருக்குள்ளேயே வைப்பம்: 'இருப்பிறந்தகாலம்'. பிள்ளைகள் தங்கள் மொழியிலிருந்தே பிடித்துக்கொள்வார்கள்.

புதுவை, புதன் இரவு

ஐயா, இந்த ஒப்பீட்டை வகுப்பில் நானும் சொல்கிறேன். ஆனால் அதைப் பெயராக்கப் பயமாக இருக்கிறது. பிள்ளைகள் செய்யும் தவறே அங்கேதான். தமிழில் எல்லா வினைக்கும் 'இரு' போதும். உடைமைக்குக்கூட 'என்னிடம் இருக்கிறது' என்கிறோம். அந்தப் பழக்கத்தில் எல்லாவற்றுக்கும் எத்ரைப் போட்டு 'ழெத்தே மான்ழே' என்று எழுதுகிறார்கள். எத்ர் எடுப்பவை போதல், வருதல், பிறத்தல், சாதல் மாதிரிச் சில வினைகளும், செய்பவர்மேலேயே செயல் திரும்பும் தற்சுட்டு வினைகளும் மட்டுமே. மற்றதெல்லாம் அவ்வார்.

இன்னொன்று. நாம் ஆண்பால், பெண்பாலைத் துணைவினையில் காட்டுகிறோம்: போயிருந்தான், போயிருந்தாள். பிரெஞ்சில் 'எத்தே' இரண்டுக்கும் பொது. எத்ர் வரும்போது, பெண்ணென்றால் எச்சத்தின் கடைசியில் ஓர் எழுத்து கூடும். 'பார்த்தி'யில் அது காதில் விழாது, அதனால் விட்டுவிடுகிறார்கள். 'இரு'வைப் பெயரிலேயே வைத்தால் இந்த இரண்டு தவறும் கூடும்.

மேலும், 'நேற்று மதுரை போயிருந்தேன்' என்று சும்மாவும் சொல்கிறோம். அதில் இரண்டாவது நிகழ்ச்சியே இல்லை. பிரெஞ்சில் அதற்குக் கூட்டிறந்தகாலமே போதும்.

மதுரை, வியாழன்

அம்மா சொல்வது நியாயம். கோவைக்காரர் கேட்டதும் சரிதான், 'தொல்'லை விட்டுவிடுகிறேன். 'காலம்' வேண்டாம் என்பதை விடவில்லை.

பாரிஸ், வியாழன்

கடைசியாக ஒரு வழி. ப்ளூஸ்-க-பர்ஃபேயின் துணைவினை தொடரிறந்தகாலத்தில் நிற்கிறது. பஸ்ஸே ஆந்தேரியேரில் அது பஸ்ஸே ஸேம்ப்லில், அதாவது தனியிறந்தகாலத்தில் நிற்கிறது. 'தொடர்வழி முன்னிறந்தகாலம்', 'தனிவழி முன்னிறந்தகாலம்' என்று வைத்தால் இரண்டும் மோதாது.

கோவை, வியாழன்

தோழர், திருத்தமாக இருக்கிறது. ஆனால் கரும்பலகையில் ஒரு வரியில் அடங்காது.

புதுவை, வெள்ளி காலை

அனைவருக்கும் நன்றி. பஸ்ஸே ஆந்தேரியேர் எங்கள் பாடத்தில் இல்லை. எனவே 'முன்னிறந்தகாலம்' என்றே போகிறது, சேர்த்து எழுதி, பக்கத்தில் 'ப்ளூஸ்-க-பர்ஃபே' என்ற பெயரோடு. யாழ்ப்பாணத்து ஐயாவின் 'தெரிந்திருந்தால்' எடுத்துக்காட்டைப் பயிற்சியில் சேர்த்துவிட்டேன்.

பாரிஸ், வெள்ளி

அப்படியே ஆகட்டும். ஆனால் இந்தப் பிள்ளைகளில் சிலர் கல்லூரியில் பிரெஞ்சு இலக்கியம் எடுப்பார்கள். அங்கே பஸ்ஸே ஆந்தேரியேர் வரும், அதன் பெயரை வேறொன்றுக்குக் கொடுத்தாயிற்று. அடுத்த பதிப்பில் 'தொடர்வழி' என்ற அடைமொழிக்கு இடம் விட்டு வையுங்கள், அம்மா. என் மறுப்பு குழுமப் பதிவில் இருக்கட்டும்.