சீகையை வெட்டினால் சோலைக்கிளி வருமா? ஒரு கேள்வி, இருவர் பதில்

ஓடைக்கரை:
நீலகிரியில் எமரால்டு பக்கம் ஓடையை ஒட்டி அரை ஏக்கர் பட்டா நிலம், முழுக்கச் சீகை (வாட்டில் என்ற வெளிநாட்டு மரம், சீயக்காய் அல்ல). இருபது மீட்டர் மேலே நல்ல சோலை (மலைப் பள்ளத்து இயற்கைக் காடு). அதில் நீலகிரி சோலைக்கிளி என்ற சிறு பறவை (கிளி அல்ல) இருக்கிறது. சீகையை மொத்தமாக வெட்டிவிட்டு 400 நாவல் நாற்று நடலாமா?

நாற்றங்கால்:
மொத்தமா வெட்டாதீங்க. சீகை விதை மண்ணுக்குள்ள பல பத்தாண்டு உயிரோட கிடக்கும். வெயில் பட்டா புல் மாதிரி முளைச்சு வரும். தழையை எரிச்சா இன்னும் மோசம், சூட்டுல விதைத்தோல் வெடிச்சுடும்.

முதல்ல குனிஞ்சு தரையைப் பாருங்க. சீகை நிழல்ல, பறவை எச்சத்துல விழுந்த சோலை மரக் கன்றுகள் முழங்கால் உயரம் நிக்கலாம். அதைச் சுத்தி மட்டும் ரெண்டு மூணு சீகையை எடுத்து வெளிச்சம் விடுங்க. தரையோட வெட்டி, அடிக்கட்டைப் பட்டையை மண்ணுக்குக் கீழ வரை உரிக்கணும், இல்லன்னா துளிர்க்கும். புதுசா வர்ற சீகைக் கன்றை விரல் நீளம் இருக்கும்போதே, மழை ஈரத்துல வேரோட பிடுங்குங்க. வருஷத்துக்கு ரெண்டு தடவை, விடாம.

பட்டா நிலம்னாலும் 1955 மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி வாங்கிட்டுத்தான் கோடாலியைத் தொடணும்.

உறைபனி:
ஓடைப் பள்ளத்தில்தான் குளிர்காற்று வந்து தேங்கும். டிசம்பர், ஜனவரி பனியில் வெட்டவெளி நாற்றின் கொழுந்து வெந்த கீரைபோல் கறுத்துவிடும். மிச்சச் சீகையின் நிழலே அதற்குக் குடை.

ஒரே இனம் 400 எதற்கு? நாவலோடு செண்பகம், காட்டு லவங்கம் என்று அந்தச் சோலையில் இருப்பதையே கலந்து வையுங்கள். நாவல் கொட்டையைக் காயப்போடக் கூடாது. சதையைக் கழுவிவிட்டு அந்த வாரமே பையில் ஊன்றுங்கள்.

சோலைக்கிளி தரையோரம் சருகில் பூச்சி பொறுக்கும் பறவை. உயர்ந்த மரம் மட்டும் போதாது, குறிஞ்சிப் புதர் அடர்த்தியாக வேண்டும். சருகைக் கூட்டாதீர்கள், விழுந்த மரத்தை இழுத்துப்போகாதீர்கள். கரைப் பொந்திலும் கூடு கட்டும் என்பதால் ஓடைக்குக் கல்கட்டு வேண்டவே வேண்டாம்.

ஓடைக்கரை:
இடையிலுள்ள இருபது மீட்டர் புல்வெளி. அதிலும் நட்டுவிடவா?

நாற்றங்கால்:
என்ன புல்? பாய் மாதிரி படர்ற கிக்குயூன்னா நடலாம், ஆனா நாற்றைச் சுத்தி ஒரு மீட்டர் வேரோட கொத்தி எடுக்கணும். குத்துக்குத்தா நிக்கிற பழைய மலைப்புல்லுன்னா கை வைக்காதீங்க, நீலகிரி நெட்டைக்காலிங்கிற பறவை அதுலதான் கூடு கட்டும். ஓடைப் பள்ளத்தோட மட்டும் சோலையை இறக்கிட்டு வாங்க. கடமான் கடிக்காம மூங்கில் கூண்டும் போடுங்க.