சைனிக் பள்ளி ஆறாம் வகுப்பு: கட்டணம் கட்டியாகிவிட்டது, சேரும் நாள் வரை என்ன செய்ய வேண்டும்? (உதவி தேவை)

தாராபுரம் அம்மா:

வணக்கம். என் மகனுக்கு அமராவதிநகர் சைனிக் பள்ளியில் (ராணுவப் பணிக்குத் தயார் செய்யும் உறைவிடப் பள்ளி) ஆறாம் வகுப்பில் இடம் கிடைத்திருக்கிறது. கவுன்சலிங், மருத்துவப் பரிசோதனை, சான்றிதழ் சரிபார்ப்பு முடிந்து கட்டணமும் கட்டிவிட்டோம். சேர வேண்டிய தேதியும் சாமான் பட்டியலும் வந்துவிட்டன. இன்னும் சில வாரங்கள் கையில் இருக்கின்றன. எங்கள் இரண்டு குடும்பத்திலும் யாரும் விடுதியில் தங்கிப் படித்ததில்லை, அதனால் எதை முதலில் செய்வது என்றே தெரியவில்லை.

அவன் ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவன். நுழைவுத் தேர்வையும் தமிழில்தான் எழுதினான். அங்கே எல்லாமே ஆங்கிலவழி சி.பி.எஸ்.இ. இந்த விடுமுறை முழுக்கக் கோயம்புத்தூரில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் விடச் சொல்கிறார்கள் உறவினர்கள். விடலாமா?

டி.சி. கேட்டால், பள்ளி திறந்த பிறகு வாங்கிக்கொள்ளுங்கள் என்கிறார் தலைமை ஆசிரியர். சேரும் அன்றே வேண்டும் என்கிறது புதுப் பள்ளி.

இன்னொன்று, எழுதவே தயக்கமாக இருக்கிறது. ரொம்பக் களைத்துப் படுக்கும் நாட்களில் பையன் இன்னும் படுக்கையை நனைத்துவிடுகிறான். மருத்துவப் பரிசோதனையில் இதைப் பற்றிக் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. இத்தனை பிள்ளைகள் நடுவில் அவன் என்ன செய்வான் என்று நினைத்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

காங்கேயம் அப்பா:

சகோதரி, முதல் வேலையாக டி.சி.யை முடியுங்கள். சேர்க்கை ஆணையின் நகலோடு ஒரு வேண்டுகோள் கடிதம் எழுதித் தலைமை ஆசிரியரிடம் கொடுங்கள். அங்கே நகரவில்லை என்றால் வட்டாரக் கல்வி அலுவலகத்துக்குப் போங்கள். டி.சி. இப்போது எமிஸ் என்ற பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் பதிவுத் தளத்திலிருந்துதான் வருகிறது. தாளை வாங்கியதோடு வந்துவிடாதீர்கள், பையன் பெயரை எமிஸில் காமன் பூலுக்கு (பழைய பள்ளி விடுவித்த பிள்ளைகளின் பொதுப் பட்டியல்) விட்டாகிவிட்டதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். விடாமல் இருந்தால் புதுப் பள்ளியால் அவனைத் தங்கள் கணக்கில் ஏற்ற முடியாது. எமிஸ் எண், பென் எண் (மாணவருக்கான நிரந்தரக் கல்வி எண்) இரண்டையும் குறித்து வாங்கிக்கொள்ளுங்கள்.

பெயரையும் பாருங்கள். நம் பிள்ளைகளுக்கு ஆதாரில் இனிஷியல் பின்னால் இருக்கும், டி.சி.யில் முன்னால் இருக்கும், பிறப்புச் சான்றிதழில் இருக்கவே இருக்காது. சி.பி.எஸ்.இ.யில் ஒன்பதாம் வகுப்பில் பதிவு செய்யும் பெயர்தான் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் வரும். நாளைக்கு என்.டி.ஏ. (தேசிய பாதுகாப்பு அகாடமி) விண்ணப்பம் வரை அதுவேதான். இப்போதே மூன்றையும் ஒன்றாக்கிவிட்டால் பின்னால் அலைய வேண்டாம். உதவித்தொகைக்கு வருமானச் சான்று கேட்பார்கள், இ-சேவையில் அதற்கும் விண்ணப்பித்துவிடுங்கள்.

சாமான் விஷயம்: எல்லாவற்றையும் இன்றே வாங்காதீர்கள். துணிகளில் குறிக்க ரோல் நம்பர் வேண்டும், அது கையில் வரும்வரை எதிலும் பெயர் எழுத வேண்டாம். டிரங்குப் பெட்டி கட்டிலுக்கு அடியில் போகிற உயரத்தில் இருக்க வேண்டும், அளவைப் பள்ளியில் கேட்டே வாங்குங்கள். பூட்டுக்கு ஒரு சாவி பையனிடம், ஒன்று ஹவுஸ் மாஸ்டரிடம் (விடுதிப் பொறுப்பு ஆசிரியர்). ஷூவை மட்டும் கொஞ்சம் முன்னதாக வாங்கி வீட்டிலேயே போட்டுப் பழக்குங்கள். புது ஷூவோடு நேராக மைதானத்துக்குப் போனால் முதல் வாரமே குதிகால் புண்ணாகிவிடும்.

பழைய கேடட்:

அக்கா, ஆங்கில வகுப்பு பற்றி என் கருத்து: வேண்டாம். தமிழ்வழியிலிருந்து வருகிறவர்கள் எல்லா பேட்ச்சிலும் உண்டு, நானும் அப்படி வந்தவன்தான். அந்த நுழைவுத் தேர்வில் மொத்தம் 300 மதிப்பெண், அதில் 150 கணக்குக்கு. உங்கள் பையன் தேறியிருக்கிறான் என்றால் கணக்கு அவனுக்கு வருகிறது என்று அர்த்தம். ஆங்கிலத்துக்குள் நுழையவும் அந்த வாசலே போதும். என்.சி.இ.ஆர்.டி. ஆறாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தை அவர்கள் தளத்திலேயே இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். 2024இல் புத்தகங்கள் மாறிவிட்டன, அதனால் பழைய புத்தகக் கடையில் கிடைப்பதை வாங்க வேண்டாம். தினமும் இரண்டு பக்கம் சத்தம் போட்டு வாசிக்கட்டும். ஃப்ராக்ஷன், ஆங்கிள், பெரிமீட்டர் என்று காதில் விழுந்து பழகினாலே முதல் மாத வகுப்பில் திருதிருவென்று விழிக்க மாட்டான். பேச்சு அங்கே போனால் தானாக வரும், மற்ற மாநிலப் பையன்களோடு விளையாடப் பேசித்தானே ஆக வேண்டும். உடம்பு சரியில்லை, காணோம், புரியவில்லை, இந்த மூன்றையும் ஆங்கிலத்தில் தயங்காமல் சொல்லத் தெரிந்தால் இப்போதைக்குப் போதும்.

முதல் வாரம் என்னோடு வந்தவர்களை அழ வைத்தது பாடம் இல்லை அக்கா, ஷூ லேஸ். விடியற்காலையில் விசில் ஊதுவார்கள், சில நிமிடங்களில் பி.டி. உடையில் வரிசையில் நிற்க வேண்டும். லேஸ் கட்டத் தெரியாதவன், அம்மா பேஸ்ட் வைத்துக் கொடுத்தால்தான் பல் தேய்ப்பவன், தட்டைக் கழுவியே பழகாதவன், இவர்களுக்கெல்லாம் ஒவ்வொரு காலையும் ஓட்டம்தான். அதனால் நாளையிலிருந்து அவன் ஜட்டி, சாக்ஸை அவனே துவைக்கட்டும். படுக்கையை மடிக்கட்டும், கொசுவலை கட்டட்டும், நகம் வெட்டட்டும், ஷூவுக்குப் பாலிஷ் போடட்டும். ஸ்பூன், ஃபோர்க்கில் சாப்பிடப் பழக்குங்கள். ஒழுங்காகச் செய்யாவிட்டாலும் நீங்கள் கை வைக்காதீர்கள், அதுதான் உங்களுக்குக் கஷ்டமாக இருக்கும்.

பல்லடம் வாசகர்:

ஆங்கில வகுப்பே வேண்டாம் என்பதை நான் ஏற்கவில்லை. எங்கள் மகள் கூச்ச சுபாவம். ஒரு மணி நேர வகுப்பு அவளுக்கு நன்றாகவே உதவியது. ஆனால் கோயம்புத்தூரில் தங்க வைத்து விடுமுறை முழுக்க விடுவது அதிகம்தான். போகிற பிள்ளைக்கு வீட்டுச் சாப்பாடும் தாத்தா பாட்டியும் வேண்டாமா?

பள்ளி விடுதிச் செவிலியர்:

அம்மா, கடைசியாகக் கேட்டீர்களே, அதற்கு மட்டும் பதில் சொல்கிறேன். வேறொரு உறைவிடப் பள்ளியில் வேலை பார்க்கிறேன், இது நான் எப்போதும் பார்ப்பது. பத்து வயதில் ஏறக்குறைய இருபதில் ஒரு பிள்ளைக்கு இது இருக்கிறது, ஆண் பிள்ளைகளுக்கு அதிகம். சோம்பலும் இல்லை, பிடிவாதமும் இல்லை. அப்பாவுக்கோ மாமாவுக்கோ சின்ன வயதில் இருந்ததா என்று வீட்டில் விசாரித்துப் பாருங்கள், பல வீடுகளில் ஆமாம் என்பார்கள். அதைப் பையன் காதிலும் போடுங்கள், பாதி பாரம் இறங்கிவிடும்.

இந்த வாரமே குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். மலச்சிக்கல் இருந்தால் அதை முதலில் சரி செய்வார், பல பிள்ளைகளுக்கு அதுவே காரணத்தில் பாதி. டெஸ்மோபிரசின் என்று ஒரு மாத்திரை இருக்கிறது. மருத்துவர் எழுதிக் கொடுத்தால் வீட்டில் இருக்கும்போதே கொடுத்துப் பாருங்கள், அங்கே போய் முதல் தடவையாகத் தொடங்கக் கூடாது. அதைப் போட்ட இரவில் தண்ணீர் அளவோடுதான் குடிக்க வேண்டும், எவ்வளவு என்று கேட்டுக்கொள்ளுங்கள். நனைந்ததும் ஒலிக்கும் அலாரம் வைத்துப் பழக்கும் முறைக்கு இரண்டு மூன்று மாதம் ஆகும், பலர் சேர்ந்து தூங்கும் இடத்துக்கு ஒத்துவராது. நனைகிறதே என்று பகலில் தண்ணீரைக் குறைக்க விடாதீர்கள், வெயிலில் ஓடுகிற பிள்ளை. பகலில் நன்றாகக் குடிக்கட்டும். மாலைக்கு மேல் டீ, காபி வேண்டாம். படுக்கும் முன் ஒரு முறை, அரை மணி நேரம் முன்பு ஒரு முறை என்று இரண்டு தடவை சிறுநீர் கழித்து வரட்டும். இது எப்போதோ நின்று, இப்போது திடீரென்று திரும்பி வந்து, கூடவே அதிகத் தாகமும் எடை குறைவதும் இருந்தால் உடனே சர்க்கரை பார்க்க வேண்டும்.

பள்ளியிடம் சொல்லாமல் மறைக்க வேண்டாம். மருத்துவர் கடிதத்தோடு பள்ளி மருத்துவரிடமும் ஹவுஸ் மாஸ்டரிடமும் தனியாகச் சொல்லுங்கள். கீழ்க் கட்டில், கழிப்பறைக்குப் பக்கத்து இடம், விடியும் முன் எழுப்பிவிட ஒருவர், இதெல்லாம் கேட்டால்தான் கிடைக்கும். மெத்தைக்கு ஒரு ரப்பர் ஷீட்டும் கூடுதலாக இரண்டு விரிப்பும் வையுங்கள். மாத்திரைகளைப் பெட்டியில் வைக்க விடமாட்டார்கள், எம்.ஐ. ரூமில் (பள்ளி மருத்துவ அறை) மருந்துச் சீட்டோடு ஒப்படைக்க வேண்டும். பத்து வயதுக்கான டி.டி. (டெட்டனஸ், டிப்தீரியா) தடுப்பூசி போட்டாயிற்றா என்றும் அட்டையைப் பாருங்கள்.

தாராபுரம் அம்மா:

எல்லோருக்கும் நன்றி. டி.சி.க்குக் கடிதம் கொடுத்தாயிற்று, வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள். டாக்டரையும் பார்த்தோம், மலச்சிக்கல் இருக்கிறது என்றுதான் சொன்னார், மருந்து கொடுத்திருக்கிறார். என் வீட்டுக்காரருக்கே எட்டாவது வரை இந்தப் பிரச்சினை இருந்ததாம், இப்போதுதான் சொல்கிறார்! கேட்டதிலிருந்து பையன் முகமே மாறிவிட்டது.

இன்னும் ஒரே கேள்வி. அழுதுகொண்டு போன் பண்ணினால் என்ன செய்வது? பிடிக்கவில்லை என்றால் வந்து கூட்டிக்கொண்டு போகிறேன் என்று சொல்லி வைக்கலாமா?

காங்கேயம் அப்பா:

அதை மட்டும் சொல்லாதீர்கள் சகோதரி. அப்படிச் சொல்லிவிட்டால் பிள்ளை அங்கே பழகப் பார்க்காது, நீங்கள் வரும் நாளையே எண்ணிக்கொண்டிருக்கும். செல்போன் கையில் இருக்காது, பள்ளி சொல்லும் நாளில்தான் பேச முடியும். அழுதால் அழட்டும், கேளுங்கள். அப்புறம் இன்று என்ன சாப்பாடு, பக்கத்துக் கட்டில் பையன் எந்த ஊர், என்ன விளையாடினாய் என்று கேளுங்கள். அடுத்து நீங்கள் வரும் தேதியைத் தெளிவாகச் சொல்லுங்கள், சொன்ன தேதியில் கட்டாயம் போங்கள். ஆனால் யாராவது அடித்தார்கள், மிரட்டினார்கள் என்று சொன்னாலோ, சாப்பிடாமல் தூங்காமல் இருக்கிறான் என்று தெரிந்தாலோ, அது வீட்டு ஏக்கம் இல்லை. அன்றே ஹவுஸ் மாஸ்டரைக் கூப்பிட்டுப் பேசுங்கள்.

பழைய கேடட்:

கிளம்பும் முன் ஒரு சனி, ஞாயிறு பெரியம்மா வீட்டிலோ அத்தை வீட்டிலோ உங்கள் போன் இல்லாமல் தங்க வையுங்கள் அக்கா. அவன் பெட்டியை அவனே அடுக்கிக்கொண்டு போகட்டும். எதை மறந்தான் என்று பார்த்தால் எதைப் பழக்க வேண்டும் என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.