எஸ்சிட்டலோபிராம் 8 மாதம்: அழுகையும் போச்சு, சிரிப்பும் போச்சு. இவ்வளவுதானா?

தண்டையார்பேட்டை_அம்மு:

வணக்கம். எனக்கு 41 வயது. எம்.சி. ரோட்டில் ஒரு ஜவுளிக் கடையில் பில் போடுகிறேன். அப்பா தவறிய பிறகு தூக்கம் இல்லை, சோறு இறங்கவில்லை, யாரிடமும் பேசப் பிடிக்கவில்லை. டாக்டர் டிப்ரஷன் என்று சொல்லி எஸ்சிட்டலோபிராம் 5 மி.கி. கொடுத்தார். அப்புறம் 10, இப்போது 20. மொத்தம் 8 மாதம் ஆகிறது.

பலனே இல்லை என்று சொல்ல மாட்டேன். காலையில் எழுந்து, மகளுக்கு டப்பா கட்டிவிட்டு, மெட்ரோ பிடித்துக் கடைக்குப் போய்விடுகிறேன். முன்பு அதுவும் முடியாமல் கிடந்தேன். ஆனால் அதற்கு மேல் ஓர் அடி ஏறவில்லை.

வியர்வை பெரிய தொல்லை. சென்னையில் யாருக்குத்தான் வியர்க்காது என்பீர்கள். இது ஏசி ஓடும் கடையில், உட்கார்ந்த இடத்தில் நெற்றியிலிருந்து சொட்டுகிற வியர்வை. ஆடித் தள்ளுபடியில் ஓர் அம்மாவுக்கு ஜெல் பேனாவால் பில் எழுதிக்கொண்டிருந்தேன். 7,450 என்று எழுதியதில் 4 மேல் ஒரு சொட்டு விழுந்து நீலமாகப் பரவிவிட்டது. அந்த அம்மா பில்லை இரண்டு விரல் நுனியால் பிடித்து வாங்கிக்கொண்டார்.

கணவரோடு சேர்ந்திருக்கும் ஆசையும் விட்டுப்போச்சு. அவர் ஒன்றும் கேட்பதில்லை. டாக்டரிடம் இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கதவு திறந்தே இருக்கும், பின்னால் பத்துப் பேர் நிற்பார்கள். "தூக்கம் வருதா? சாப்பிடறீங்களா?" இரண்டு கேள்வி, அதே சீட்டு, அவ்வளவுதான்.

போன மாதம் அப்பாவின் வருஷத் திதி. காசிமேட்டில் வலை பின்னியவர் அவர். அவருடைய வலை ஊசியைத் தம்பி படத்துக்கு முன்னால் வைத்தான். அதில் நைலான் நூல் சுற்றியபடியே இருந்தது. தம்பி தேம்பித் தேம்பி அழுதான். நான் பந்திக்கு எத்தனை இலை வேண்டும் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். அன்று ராத்திரிதான் எனக்குப் பயம் வந்தது.

கோபத்தில் மாத்திரையை நிறுத்தினேன். மூன்றாம் நாள் தலையைத் திருப்பினாலே உள்ளே கரண்ட் சுண்டியது. வண்ணாரப்பேட்டை மெட்ரோ படியில் கைப்பிடியைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். பயந்து மறுபடி ஆரம்பித்துவிட்டேன்.

இதே மாத்திரையில் இன்னும் காத்திருக்க வேண்டுமா? மாற்றித் தரச் சொல்லிக் கேட்டால் தப்பா?

கொடுங்கையூர்_பெரியவர்:

அம்மா, இதெல்லாம் பழக்கமாகிவிடும் மருந்து. தூக்கிப் போடு. விடியற்காலையில் ஒரு மணி நேரம் நட, வெள்ளிக்கிழமை வடிவுடையம்மன் கோயிலுக்குப் போய் வா. மனசு தானாகத் தெளியும்.

பெரம்பூர்_மெடிக்கல்:

ஐயா, கோயிலும் நடையும் நல்லதுதான். "தூக்கிப் போடு" என்று மட்டும் சொல்லாதீர்கள். அக்காவுக்கு மூன்றாம் நாள் நடந்ததே அதனால்தான். மாத்திரை ரத்தத்திலிருந்து வேகமாகக் குறையும்போது அந்தக் கரண்ட் அடி வரும். போதைப் பழக்கம் வேறு, இது வேறு. நிறுத்துவதாக இருந்தால் டாக்டர் சொல்கிறபடி வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும்.

நான் 16 வருஷமாக மருந்துக் கடையில் இருக்கிறேன். அக்கா, 20 மி.கி. என்பது இந்த மருந்தின் உச்ச அளவு. அதில் பல வாரம் இருந்தும் பாதிதான் சரியானது என்றால், மாற்றிக் கேட்பது தப்பே இல்லை. அமெரிக்காவில் ஸ்டார்-டி என்று பெரிய ஆய்வு நடந்து 2006இல் முடிவு வந்தது. இதே வகையைச் சேர்ந்த சிட்டலோபிராமை முதல் மருந்தாகக் கொடுத்தார்கள். முழுசாகக் குணமானவர்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். மற்றவர்களுக்கு மருந்தை மாற்றினார்கள், இல்லாவிட்டால் இன்னொன்றைச் சேர்த்தார்கள். முதல் மாத்திரை போதாமல் போவது உங்கள் குறை இல்லை.

தைராய்டு, ஹீமோகுளோபின், பி12 பார்த்தார்களா? அவை குறைந்திருந்தாலும் சோர்வு இப்படியே இருக்கும். தலைவலிக்கு இபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் நீங்களாக வாங்கிப் போடாதீர்கள், இதோடு சேர்ந்தால் ரத்தக் கசிவு அபாயம் கூடும்.

எண்ணூர்_தோழி:

அம்மு, நீங்கள் சொன்ன அந்த இரண்டாவது விஷயம் எனக்கும் நடந்தது. இதே வகை மாத்திரையான செர்ட்ராலின் எடுத்தபோது. ஒரு வருஷம் வாயைத் திறக்கவில்லை. கடைசியில் தாளில் எழுதி நீட்டினேன். டாக்டர் படித்துவிட்டு, இது இந்த மருந்துகளில் சகஜம், முதல் நாளே சொல்லியிருக்கலாமே என்றார். மிர்டாசபைன் என்ற வேறு வகை மருந்துக்கு மாற்றிக் கொடுத்தார். ஆசை திரும்பியது, ஆனால் பசியும் கூடிப்போய் 6 கிலோ ஏறினேன். எதிலும் ஒரு விலை இருக்கிறது, எந்த விலையை நாம் தாங்குவோம் என்று நாமே சொல்ல வேண்டும்.

அழுகை வராததையும் எழுதுங்கள். அதுவும் மருந்தால் வரலாம், நோயாலும் வரலாம். எது என்று பிரித்துப் பார்க்க டாக்டருக்கு அது தெரிய வேண்டும். கவுன்சிலிங்கும் கேளுங்கள், அப்பாவைப் பற்றி யாரிடமாவது பேசியிருக்கிறீர்களா? ராத்திரி தாங்க முடியாமல் ஆனால் 14416க்குப் போன் போடுங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் அது, இலவசம், தமிழில் பேசுவார்கள்.

தண்டையார்பேட்டை_அம்மு:

எல்லாருக்கும் நன்றி. பெரியவரே, கோபமில்லை, அம்மன் கோயிலுக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறேன்.

தைராய்டு இதுவரை பார்க்கவில்லை. வியாழக்கிழமை போகிறேன். நேற்று கடையில் பழைய பில்லின் பின்பக்கத்தில் நான்கு வரி எழுதினேன்: வியர்வை, கணவர், திதி அன்று அழாதது, நிறுத்தியபோது வந்த கரண்ட். கணவரிடம் முதலில் காட்டினேன். இரண்டாவது வரியை இரண்டு தடவை படித்தார். "என் மேல வெறுப்புன்னு நினைச்சேன்" என்றார். அவரும் கூட வருகிறார்.

தோழி, அப்பாவைப் பற்றி நான் யாரிடமும் பேசவில்லை. அந்த வலை ஊசியைத் தம்பியிடம் கேட்டிருக்கிறேன். நூலைப் பிரிக்காமல் அப்படியே கொண்டு வரச் சொன்னேன்.