ஆஸ்திரேலியக் கடலோரம், நடுக்குளிரில், தனியாக

ஜூலையில் மெல்பர்னிலிருந்து கிளம்பி மேற்கே, தென்கரையில் உள்ள கிரேட் ஆஸ்திரேலியன் பைட் என்ற பெரிய வளைகுடா வரை கடலோரமாகவே ஓட்டிப் போகப் போகிறேன் என்றதும் அலுவலகத்தில் எல்லோரும் கேட்டது ஒன்றுதான்: "குளிரிலா? தனியாகவா?" இங்கே ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குளிர்காலம். வசதி உள்ளவர்கள் அப்போது வடக்கே, வெயில் பக்கம் போவார்கள். ஆனால் திமிங்கலங்கள் குட்டி போட தெற்குக் கரைக்கு வருவதும் அப்போதுதான். எனக்கு அதுவே போதுமான காரணம்.

திருநெல்வேலியிலிருந்து அம்மா போட்ட ஒரே நிபந்தனை, விளக்கு வைக்கிற நேரத்துக்குள் எங்காவது ஒரு அறைக்குள் போய்விட வேண்டும் என்பது. அவள் சொன்ன காரணம் வேறு. ஆனால் ஆஸ்திரேலியாவில் ஊருக்கு வெளியே வண்டி ஓட்டுகிற யாரைக் கேட்டாலும் அதையேதான் சொல்வார்கள். அந்தி சாய்ந்ததும் கங்காருகள் சாலையோரப் புல்லுக்கு வந்துவிடும். மெல்பர்ன் பக்கம் ஜூலையில் ஐந்தே காலுக்கே சூரியன் இறங்கிவிடுகிறது, ஆகவே நான்கு மணிக்கே தங்குமிடம் தேட வேண்டியிருக்கும்.

கிரேட் ஓஷன் ரோடு பற்றி நான் புதிதாகச் சொல்ல அதிகமில்லை. முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய சிப்பாய்கள் 1919 முதல் 1932 வரை கடப்பாரையும் மண்வெட்டியுமாகக் குடைந்து போட்ட சாலை, போரில் இறந்த தோழர்களின் நினைவாக. ட்வெல்வ் அப்போஸ்தல்ஸ் பாறைகளை எல்லோரையும் போல நானும் பார்த்தேன். பேர்தான் பன்னிரண்டு, அத்தனை தூண்கள் அங்கே இருந்ததே இல்லை. 2005-இல் ஒன்று சரிந்தும் விட்டது. அங்கிருந்து அண்டார்க்டிகா வரை, தெற்கிலிருந்து வருகிற காற்றைத் தடுக்க எதுவுமே இல்லை. பத்து நிமிடம் தாங்கினேன், அவ்வளவுதான்.

பக்கத்தில் பாறைகளுக்கு நடுவே இருக்கிற லாக் ஆர்ட் கார்ஜ் என்ற குறுகிய கடல்பள்ளம்தான் எனக்குப் பிடித்த இடம். கோடையில் அந்தப் படிக்கட்டில் வரிசை நிற்குமாம். அன்று நானும், கைத்தடியோடு ஒரு பெரியவரும் மட்டும். நான் கேட்காமலே கதையை ஆரம்பித்துவிட்டார். 1878 ஜூன் 1, விடியற்காலை. இங்கிலாந்திலிருந்து வந்த லாக் ஆர்ட் கப்பல் பாறையில் மோதி மூழ்கியது. இருந்தவர்கள் 54 பேர், பிழைத்தவர்கள் இரண்டே பேர்: டாம் பியர்ஸ் என்ற பயிற்சி மாலுமி, ஈவா கார்மைக்கேல் என்ற பெண். டாம் கரை சேர்ந்த பிறகு, அலையில் அவள் குரல் கேட்டு மறுபடியும் நீந்திப் போய் இழுத்து வந்திருக்கிறான். குகைக்குள் கிடத்தி, கரை ஒதுங்கிய பிராந்தியைக் கொடுத்துவிட்டு, செங்குத்தான பாறையில் ஏறி ஆள் தேடிப் போயிருக்கிறான்.

"நாடே அவர்களுக்குக் கல்யாணம் பண்ணிவைக்கத் துடித்தது. அவள் அயர்லாந்துக்குத் திரும்பிப் போனாள், அவன் திரும்பவும் கப்பலுக்குப் போனான். அந்த இரண்டு பேருக்கும் இருந்த புத்தி பத்திரிகைக்காரர்களுக்கு இல்லை" என்று சிரித்தார் பெரியவர். கடலில் நிற்கிற இரண்டு தூண்களைத் தடியால் காட்டினார். 2009 வரை அது ஒரே வளைவாக இருந்தது, நடுவில் இடிந்து விழுந்தபின் மிஞ்சிய இரண்டுக்கும் டாம், ஈவா என்றே பேர் வைத்திருக்கிறார்கள். சேர்த்துவைக்க முடியாதவர்களைக் கல்லிலாவது பக்கத்தில் நிறுத்திவிட்டார்கள் போல.

வார்னம்பூலில் லோகன்ஸ் பீச்சில் ஒரு மரமேடை இருக்கிறது. தெற்கத்தி ரைட் திமிங்கலங்களைக் கரையிலிருந்தே பார்க்கலாம். ஃபிளாஸ்க்கும் பைனாகுலருமாக உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள், குளிர்காலத்தில் தினமும் வருவேன் என்றார். முதுகில் துடுப்பு இருக்காது, மூச்சு 'வி' வடிவில் இரண்டாகப் பிரிந்து மேலே போகும், தலைமேல் உள்ள சொரசொரப்பான வெள்ளைத் திட்டுகளை வைத்து எது யாரென்று அடையாளம் சொல்லலாம் என்று பாடமே எடுத்தார். தாய்கள் பெரும்பாலும் மூன்று வருஷத்துக்கு ஒருமுறை குட்டி போட வருமாம். எனக்கு அன்று கிடைத்தது ஒரு முதுகும் ஒரு வாலும்தான். இதே ஊரில், எதிரே உள்ள குட்டித் தீவில் பென்குயின்களை நரியிடமிருந்து காக்க 2006-இல் மரெம்மா என்ற மந்தைக் காவல் நாய்களைக் காவலுக்கு விட்டார்கள். கோழிப்பண்ணைக்காரர் ஒருவர் சொன்ன யோசனை அது.

ரோப் என்ற ஊர் தாண்டி, கிங்ஸ்டனில் நிற்கிற ராட்சத லாப்ஸ்டர் சிலையைத் தாண்டினால் கூரோங். இடது பக்கம் நீளமான உப்பு ஏரி, அதற்கப்பால் மணல்மேடு, அதற்கப்பால் கடல். சால்ட் க்ரீக் வர இன்னும் கொஞ்ச தூரம், வெயில் சாய்ந்திருந்தது. ஒரு யூட் வண்டி, அதாவது பின்னால் திறந்த தட்டு உள்ள பிக்கப், இண்டிகேட்டர்கள் மின்ன ஓரமாக நின்றது. ஒரு பெண் கை காட்டினாள். அம்மா ஞாபகம் வந்தது, இருந்தாலும் நிறுத்தினேன். "டார்ச் பிடிக்க ஒரு கை வேண்டும்" என்றாள்.

சாலையோரம் ஒரு பெட்டைக் கங்காரு அடிபட்டுக் கிடந்தது, இன்னும் சூடு இருந்தது. அதன் வயிற்றுப் பையை விரித்துக் கையை உள்ளே விட்டாள். உயிரோடு ஒரு குட்டி, மெல்லிய ரோமம், உடம்புக்குப் பொருந்தாத நீளக் கால்கள். தாயின் காம்பை வாயில் கவ்வியிருந்தது. இழுத்து எடுக்கலாமே என்று எனக்குத் தோன்றியது. கூடவே கூடாதாம், வாய் கிழிந்துவிடும். கத்தரிக்கோலால் காம்பை வெட்டி, அதை வாயிலேயே விட்டாள். ஒரு தலையணை உறையில் குட்டியைச் சுற்றி, "உன் ஜாக்கெட்டுக்குள் வை" என்று என்னிடம் கொடுத்தாள்.

தாயை ஏன் அப்படியே விட்டுவிட்டுப் போகக் கூடாது என்றும் அப்போதுதான் தெரிந்தது. பிணத்தைத் தின்ன வருகிற கழுகும் அடுத்த வண்டியில் அடிபடும். அதனால் இருவரும் சேர்ந்து சாலையை விட்டுத் தூர இழுத்துப் போட்டோம். உடம்பின் மேல் ஸ்ப்ரே பெயின்ட்டால் ஒரு பெருக்கல் குறி போட்டாள்: பை பார்த்தாயிற்று, இனி யாரும் நிறுத்த வேண்டாம் என்று அர்த்தம். அவள் வீட்டில் ஏற்கெனவே மூன்று குட்டிகள் வளர்கின்றன. பசும்பால் கொடுத்தால் குட்டிக்குச் சேராது, வயிற்றுப்போக்கு வந்து செத்துப்போகும், அதற்கென்று தனிப் பால்மாவு உண்டு. கிடைக்கும் வரை சூடு, இருட்டு, அமைதி இந்த மூன்றும் போதும் என்றாள்.

என் வயிற்றுக்கு மேல் அது உதைத்துக்கொண்டே இருந்தது. திருப்பிக் கொடுக்கும்போது மனசில்லை.

"என் வண்டியில் முன்னால் கங்காரு மோதினால் தாங்க இரும்புக் கம்பி இருக்கிறது, பின்னாலேயே வா" என்று சொல்லி, சால்ட் க்ரீக் வரை அறுபதிலேயே ஓட்டினாள். அன்று அம்மாவிடம் ஃபோனில் பாதிக் கதைதான் சொன்னேன்.

போர்ட் அகஸ்டா தாண்டி அயர் ஹைவேயில் எதிரே வருகிறவர்கள் எல்லோரும் ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்குவார்கள். முதலில் எனக்குத்தானா என்று சந்தேகம். அப்புறம் நானும் தூக்க ஆரம்பித்துவிட்டேன். அந்த வெற்றுச் சாலையில் அதுவே ஒரு பேச்சுத் துணை.

அந்தச் சாலையில் உள்ள செடூனா என்ற ஊரிலிருந்து ஏறக்குறைய 300 கி.மீ. போனால் ஹெட் ஆஃப் பைட், அந்த வளைகுடாவின் உச்சி. பாறை விளிம்பில் மரப்பாதை, நேர் கீழே தாயும் குட்டியுமாகத் திமிங்கலங்கள். லோகன்ஸ் பீச்சில் பைனாகுலரில் தேடியதை இங்கே குனிந்து பார்த்தால் போதும். பிறக்கும்போதே குட்டி நான்கைந்து மீட்டர் இருக்கும். இங்கே தங்கும் வரை தாய் அநேகமாக எதுவும் தின்பதில்லை, சேர்த்துவைத்த கொழுப்பில் குட்டிக்குப் பால் கொடுத்தே மெலிகிறது. பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியம் சமைத்துப் போட இங்கே ஒருத்தியும் இல்லை.

பக்கத்தில் கேரவனில் வந்த ஒரு வயதான தம்பதி. அந்த அம்மாவுக்குக் கண் பார்வை போய்விட்டது. கணவர் தணிந்த குரலில் வர்ணித்துக்கொண்டே இருந்தார்: "இப்போ தாய் புரள்கிறது... இப்போ மூச்சு விடுகிறது..." அந்த அம்மா நடுவில் வெட்டினார்: "அது தாய் இல்லை, குட்டி. சத்தம் மெல்லிசாக இருக்கிறதே!" நானும் எட்டிப் பார்த்தேன். குட்டிதான். கணவர் என்னைப் பார்த்துக் கண் சிமிட்டினார், "ஐம்பது வருஷமாக இப்படித்தான்."

போக நினைப்பவர்களுக்கு: ஹெட் ஆஃப் பைட்டில் நுழைவுக் கட்டணம் உண்டு. செடூனாவிலேயே டேங்க்கை நிரப்பிக்கொள்ளுங்கள், வழியில் பல இடங்களில் ஃபோன் சிக்னல் கிடைக்காது. திரும்பி கிழக்கே வரும்போது செடூனாவில் வண்டியை நிறுத்திப் பழ ஈ வராமலிருக்கப் பழம், காய்கறி சோதிப்பார்கள், மிச்சம் இருப்பதை முன்பே தின்றுவிடுங்கள். காரில் ஒரு கத்தரிக்கோல், ஒரு தலையணை உறை, நல்ல டார்ச் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.